கீரைக்கும் மாதச் சந்தாவா?

வாட்ஸ்அப் குழு: நம்ம குடும்பம்

சுதா (மினியாபோலிஸ்): வீட்டுக்குள் மண்ணில்லாமல் தண்ணீரில் கீரை வளர்க்க வாங்கிய டவர் கருவிக்கு இந்த மாதம் சந்தா கட்டவில்லை. உடனே அதை இயக்குகிற ஆப்பில் பாதி வசதியை நிறுவனம் பூட்டிவிட்டது. விளக்கை மட்டும் நானே போட்டு அணைக்கலாம். தண்ணீர் விடுவதைத் தானாகக் கவனித்துக்கொள்வது, கேமரா எல்லாம் நின்றுவிட்டது.

கார்த்தி: டவருக்குக் கொடுத்த பணம் போதாதா அக்கா?

சுதா: அதுதான் எரிச்சல். பம்ப் என் வீட்டில் இருக்கிறது, கரண்ட் பில் நான் கட்டுகிறேன். அதை எப்போது ஓடவிடலாம் என்பதற்கு மாதம் 30 டாலருக்கு மேல் கேட்கிறார்கள். டவரில் செருகும் விதைக் குப்பியும் அவர்களிடமே வாங்க வேண்டும். அரைக்கீரை, வெந்தயக்கீரை அந்தப் பட்டியலிலேயே கிடையாது.

அம்மா: வெளியே தொட்டியில் போடேன்?

சுதா: மே மாதம் வரை பனி இருக்கும்மா.

சித்தப்பா: சுதா, செடிக்கு ஆப் தேவையில்லை. வெளிச்சம், தண்ணீர், உரம், வேருக்குக் காற்று, இவ்வளவுதான். விளக்குக்குக் கடையில் சாதாரண டைமர் பிளக் வாங்கி ஒரு நாளைக்கு 14 மணி நேரம் வை. பம்ப்புக்குத் தனி வயர் வருகிறதா?

சுதா: இல்லை சித்தப்பா. எல்லாம் ஒரே போர்டில் போகிறது.

சித்தப்பா: அப்படியானால் பம்ப்பே வேண்டாம். ஹவாய் பல்கலைக்கழகத்தில் கிராட்கி என்பவர் சொன்ன முறை இருக்கிறது. மூடி போட்ட டப்பாவில் உரக்கரைசலை நிரப்பி, மூடியில் ஓட்டை போட்டு, செடியை வலைக்கிண்ணத்தில் உட்கார வை. செடி குடிக்கக் குடிக்க நீர் இறங்கும். அப்படி மேலே உண்டாகும் இடைவெளியில் வேர் காற்று வாங்கும். அதனால் மறுபடி விளிம்பு வரை நிரப்பிவிடாதே. ஒரு லெட்டூஸுக்கு நான்கு லிட்டர் போல இருந்தால் அறுவடை வரை தாங்கும். டப்பாவுக்குள் வெளிச்சம் போகக் கூடாது, பாசி பிடிக்கும்.

கார்த்தி: சந்தா கட்டினாலும் நிம்மதி இல்லை. இதே மாதிரி கருவி விற்ற ஏரோகார்டன் நிறுவனம், 2025 ஜனவரி 1 முதல் மூடுகிறோம் என்று 2024இல் அறிவித்ததே. நிறுவனம் இல்லாமலே ஓடுகிற மாதிரி கருவியைச் செய்ய வேண்டும். அதைச் சட்டமாகவே போடலாம்.

சுதா: ஆமாம். பெட்டியின் மேலேயே பெரிய எழுத்தில் சொல்லட்டும், சந்தா இல்லாவிட்டால் எது எது வேலை செய்யாது என்று. நிறுவனத்துக்கு அப்படியே எழுதி அனுப்பியிருக்கிறேன். பதில் வரும்வரை விடப்போவதில்லை. சித்தப்பா, உரம் எது வாங்க?

சித்தப்பா: இப்படித் தண்ணீரில் வளர்ப்பதற்கான உரம் ஏ, பி என்று இரண்டு பாட்டிலாக வரும். இரண்டையும் நேராக ஒன்றோடொன்று கலக்காதே. கால்சியம் மற்ற உப்போடு சேர்ந்து அடியில் படிந்துவிடும். ஒன்றை நிறைய நீரில் கலந்துவிட்டு அப்புறம் மற்றது. கரைசலின் பிஎச், அதாவது அமில-கார அளவு, 5.5 முதல் 6.5க்குள் இருக்கட்டும்.

அம்மா: கொத்தமல்லிக்கு சமையல் மல்லியே போதும். லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்துப் போடு.

சுதா: சரிம்மா. வெந்தயத்தை இன்று இரவே ஊறவைக்கிறேன்.

சித்தப்பா: உரம் வந்ததும் லேபிளைப் போட்டோ எடுத்து அனுப்பு. அளவு சொல்கிறேன்.