ஹுவாய் ஆற்று ஆய்வு: 5.5 ஆண்டா, 3.1 ஆண்டா?

கேள்வி:
சீனாவில் ஹுவாய் ஆற்றுக்கு வடக்கே காற்று மாசால் ஆயுள் 5.5 ஆண்டு குறைவு என்கிறது 2013 கட்டுரை. 2017 கட்டுரை 3.1 என்கிறது. எதை எடுத்துக்கொள்வது?

பதில் 1:
இரண்டும் அளப்பது ஒன்றல்ல. 2013இல் காற்றில் மிதக்கும் மொத்தத் துகள்கள். மரணத் தரவு 1990களுடையது. 2017இல் 10 மைக்ரோமீட்டருக்கு உட்பட்ட துகள்கள் (பிஎம்10). 2004-2012 தரவு, 154 நகரங்கள். அடிப்படை ஒன்றுதான்: ஆற்றுக்கு வடக்கே மட்டும் அரசு குளிர்கால வெப்பத்துக்கு நிலக்கரி தந்தது. அதனால் ஆறு என்ற எல்லைக்கோட்டைத் தாண்டியதும் மாசு சட்டென ஏறுகிறது. பிஎம்10 கன மீட்டருக்கு 41.7 மைக்ரோகிராம் கூடுதல். ஒவ்வொரு 10 மைக்ரோகிராமுக்கும் சுமார் 0.64 ஆண்டு ஆயுள் போகிறது. மேற்கோள் காட்ட இந்த விகிதமே உகந்தது.

பதில் 2:
5.5ஐ நான் தவிர்ப்பேன். அது அட்சரேகையில் முப்படிப் பல்லுறுப்புக்கோவை (மூன்றாம் படி வரை போகும் வளைகோடு) பொருத்திக் கிடைத்தது. அத்தகைய வளைவு எல்லையருகே தானாகவே நெளிந்து, இல்லாத தாவலையும் காட்டிவிடும். நேர்கோடு பொருத்தினால் விளைவு வெகுவாகச் சுருங்குகிறது. அந்தக் கட்டுரை மீதான இந்த விமர்சனம் நியாயமானது. நீங்களே கணக்கிட்டால் எல்லைக்கு அருகிலுள்ள நகரங்களை மட்டும் எடுத்து, இருபுறமும் தனித்தனி நேர்கோடு போடுங்கள். எல்லையிலிருந்து எவ்வளவு தூரம் வரை எடுக்கிறீர்கள் என்பதை மாற்றி மாற்றிப் பாருங்கள்.

பதில் 3:
இன்னும் இரண்டு சோதனைகள் அவசியம். எல்லைக்கோட்டை அட்சரேகையில் ஒவ்வொரு பாகையாக நகர்த்திப் பாருங்கள். பொய்க்கோட்டில் தாவல் வந்தால் சந்தேகப்படுங்கள். மரணக் காரணத்தைப் பிரியுங்கள். இதய, நுரையீரல் நோய்களில்தான் தாவல் தெரிய வேண்டும். குடிபெயர்வு? ஹுகோவ் எனும் சீனக் குடியிருப்புப் பதிவு முறை மக்களை ஊரோடு கட்டிவைத்ததால் அந்தக் குழப்பம் அங்கே குறைவு. இந்தியாவில் அப்படிக் கட்டுப்பாடு இல்லை; அதனால் இந்த வாதத்தை இந்தியத் தரவுக்கு அப்படியே பெயர்க்க முடியாது.