எறும்பு கடிச்ச மாதிரி

மகளுக்கு அப்போது ஐந்து வயது. ஆறு நாளாக விட்டு விட்டுக் காய்ச்சல். ரத்தம் பார்த்துவிடலாம் என்றார் டாக்டர். லேப் வாசலிலேயே கேட்டாள், "வலிக்குமாப்பா?" காலங்காலமாகச் சொல்லி வருவதை நானும் சொன்னேன். "எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும், அவ்வளவுதான்."

முதல் குத்தில் நரம்பு கிடைக்கவில்லை. ஊசியை வெளியே எடுக்காமலே இப்படியும் அப்படியும் திருப்பித் தேடினார்கள். அடுத்தது மற்ற கையில். அங்கும் இல்லை. காய்ச்சலில் காலையிலிருந்து அவள் தண்ணீரே குடிக்கவில்லை, உடம்பில் நீர் குறைந்தால் நரம்பு சுருங்கிக்கொள்ளும் என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அதற்குள் வீறிட ஆரம்பித்துவிட்டாள். மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். ஒருவர் காலைப் பிடித்தார். "சார், நீங்க தோளை அமுக்கிப் பிடிங்க" என்றார்கள். பிடித்தேன். என் முகத்தைப் பார்த்துக் கத்தினாள்: "அப்பா, விடச் சொல்லுப்பா!" பிடித்துக்கொண்டிருந்ததே நான்தான்.

மூன்றாவது குத்து புறங்கையில். ஊதா மூடி போட்ட சின்னக் குழாயில் ரத்தம் சொட்டுச் சொட்டாக இறங்கியது. இரண்டு மில்லிகூட இருக்காது. இதற்குத்தானா இவ்வளவும் என்று இருந்தது.

மாலையில் போன் வந்தது. ரத்தம் உறைந்துவிட்டதாம், மறுபடி வர வேண்டுமாம்.

அன்று இரவு அவள் விளையாடிக்கொண்டிருந்ததை எட்ட நின்று பார்த்தேன். பொம்மையின் கையில் தலைமுடி ரப்பரை இறுக்கி மாட்டியிருந்தாள். பேனா முனையால் குத்திக்கொண்டே, "எறும்புதான், எறும்புதான்" என்றாள். என்னைப் பார்த்ததும் பொம்மையை நீட்டினாள். "நீங்க தோளைப் பிடிங்க."

அடுத்த நாள் வேறு லேபுக்குப் போனோம். அங்கே இருந்த வயதான அம்மா முதலில் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். சில்லிட்டிருந்த கையை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துச் சூடாக்கினார். அவளை என் மடியில், என்னைப் பார்த்தபடி உட்கார வைத்து, என் அக்குளுக்கு அடியில் ஒரு கையை மட்டும் வெளியே நீட்டச் சொன்னார். "எறும்பா?" என்று கேட்டாள் மகள். "இல்லம்மா, ஊசி. வலிக்கும். அஞ்சு எண்ணுறதுக்குள்ள வலி குறைஞ்சிடும். அழுதுக்கோ, கையை மட்டும் ஆட்டாதே." அழுதாள். கையை ஆட்டவில்லை. ஒரே குத்து.

முதல் நாள் ஊசி குத்தினவர்கள் மேல் எனக்குப் பெரிய கோபம் இல்லை. என்மேல்தான்.

*

மேலே அந்த அப்பா எழுதியதைப் படித்தேன். ரத்தம் எடுப்பதுதான் என் வேலை, 11 வருடமாக. ஊதா மூடிக் குழாய்க்குள் ரத்தம் உறையாமல் இருக்க மருந்து பூசியிருக்கும். ரத்தம் வேகமாக இறங்கி, உடனே மெதுவாகக் கவிழ்த்துக் கவிழ்த்துக் கலந்தால்தான் அது வேலை செய்யும். குழந்தை திமிறும்போது சொட்டுச் சொட்டாக எடுத்தால் கட்டி விழுந்துவிடும். அப்படியே எண்ணினால் தட்டணுக்கள் (பிளேட்லெட்) இருப்பதைவிடக் குறைவாகக் காட்டும். அதனால்தான் திரும்ப வரச் சொல்கிறார்கள். திட்டாதீர்கள், தப்பான ரிசல்ட்டைக் கொடுப்பதைவிட அது மேல்.

ஆனால் இரண்டு குத்துக்கு மேல் நான் போக மாட்டேன். ஊசியைக் கீழே வைத்துவிட்டு இன்னொருவரைக் கூப்பிடுவேன். அதில் வெட்கம் என்ன இருக்கிறது? நீங்களும் தைரியமாகக் கேட்கலாம். கட்டுகிற ரப்பர் பட்டையும் ஒரு நிமிடத்துக்கு மேல் இருக்கக் கூடாது.

மரக்க வைக்கிற கிரீம் இருக்கிறது, லிடோகெயினும் பிரைலோகெயினும் கலந்தது. டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் பூச வேண்டும். பூசி, மேலே ஒட்டி மூடி, கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். லேபுக்குள் நுழைந்த பிறகு கேட்டால் எங்கே நேரம்?

இன்னொன்று. ரத்தம் முழுக்கத் தீர்ந்துவிடுமோ என்று பயப்படுகிற குழந்தைகளும் உண்டு. வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். கிலோவுக்குச் சுமார் 75 மில்லி என்று வைத்தாலும், 18 கிலோ குழந்தையின் உடம்பில் ஒன்றேகால் லிட்டருக்கு மேல் ஓடும். "ஒரு பெரிய பாட்டில் நிறைய இருக்கு, நான் ஒரு மூடி அளவுகூட எடுக்க மாட்டேன்" என்பேன். சில முகங்கள் உடனே தெளிந்துவிடும்.

*

நான் ஒரு அம்மா. என் பையனுக்குப் பிறந்த மூன்றாம் நாள் குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். பால் கொடுத்துக்கொண்டே இருங்கள் என்றார் நர்ஸ். கால் ஒரு தரம் வெடுக்கென்று இழுத்தது, ஒரு சிணுங்கல், மறுபடி குடிக்க ஆரம்பித்துவிட்டான். ஓவென்று அழுதது நான்தான். அதைச் சொல்லி இன்றைக்கும் வீட்டில் கேலி செய்வார்கள்.

*

முதலில் எழுதிய அப்பா நான்தான். மகள் இப்போது எப்படி இருக்கிறாள் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். காய்ச்சல் அந்த வாரமே இறங்கிவிட்டது. இப்போது எட்டு வயது. போன மாதம் தடுப்பூசிக்குக் கூட்டிப் போனேன். உட்கார்ந்ததும் பழக்க தோஷத்தில் என் கை அவள் தோளுக்குப் போனது. எடுத்துவிட்டாள்.

"பிடிக்க வேணாம்ப்பா. பக்கத்துல நில்லுங்க, போதும்."

நின்றேன்.