சிரங்கு: ஆறு பேருக்கும் ஒரே ராத்திரி (‘நம்ம வீடு’ குழு)

வசந்தி: சின்னவனுக்கு விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுத்தி ஒரே அரிப்பு. ராத்திரி ஆனா இன்னும் அதிகம். டாக்டர் பார்த்துட்டு சிரங்கு, ஸ்கேபீஸ்னு சொல்லிட்டார். பெர்மெத்ரின் 5% க்ரீம் எழுதியிருக்கார். வீட்ல ஆறு பேரும் போட்டுக்கணுமாம். மத்தவங்க யாருக்கும் அரிப்பே இல்லையே மலர்க்கா, அவனுக்கு மட்டும் போட்டா போதாதா?

மலர்: போதாதும்மா. சிரங்கு தோலுக்குள்ள குடையற ஒரு குட்டிப் பூச்சியால வர்றது. அது முதல் தடவை ஏறும்போது அரிக்க ஆரம்பிக்கவே 4-6 வாரம் ஆகும். அரிப்பு தெரியாத அந்த நாள்லயே பக்கத்துல படுக்கறவங்களுக்கு ஏறிடும். இன்னைக்கு அவனுக்கு அரிக்குதுன்னா ஒரு மாசமாவே பூச்சி வீட்டுக்குள்ள இருந்திருக்கலாம்.

மலர்: அவனுக்கு மட்டும் போட்டா அவனுக்குச் சரியாகும். அப்புறம் அத்தைகிட்டேர்ந்தோ உன்கிட்டேர்ந்தோ திரும்ப வாங்கிப்பான். ரெண்டாம் தடவை ஏறினா 1-4 நாள்லயே அரிக்கும். உடனே மருந்து கேக்கலன்னு நினைச்சுடுவீங்க. பெரும்பாலும் கோளாறு மருந்துல இல்ல, எல்லாரும் ஒரே ராத்திரி போடாம ஆளுக்கு ஒரு நாள் போடறதுலதான்.

சுந்தரம்: பூச்சின்னா சோபா, மெத்தை எல்லாத்துலயும் இருக்குமே. வீடு பூரா மருந்து அடிச்சுடச் சொல்லு.

மலர்: வேண்டாம் பெரியப்பா. அது தாவாது, பறக்காது. தோலோட தோல் கொஞ்ச நேரம் ஒட்டியிருந்தாதான் ஏறும். ஒரே படுக்கை, குழந்தையை மடியில வச்சுக்கறது, கையைப் பிடிச்சுக்கிட்டே உக்காந்திருக்கறது, இதெல்லாம்தான் வழி. உடம்பை விட்டு இறங்கினா 2-3 நாள்ல செத்துடும். ஸ்ப்ரே அடிச்சா குழந்தைங்க மூச்சுலதான் போகும்.

கதிர்: அளவு சொல்லிடறேன் வசந்தி. பெரியவங்க ஒருத்தருக்கு ஒரு தடவைக்கு 30 கிராம் ட்யூப் ஒண்ணு. உடம்பு பெருசா இருந்தா அதுவும் பத்தாது. ஒரு ட்யூப் வாங்கி நாலு பேர் பங்கு போட்டுக்கறதுதான் நிறைய வீட்ல நடக்குது. அரிக்கிற இடத்துல மட்டும் தடவிட்டு விட்டுடுவாங்க, பூச்சி பக்கத்துல இருக்கும். ஒரு வாரம் கழிச்சு இன்னொரு தடவை போடணும், அதுக்கும் சேர்த்தே வாங்கு. அட்டையில 5%னு இருக்கான்னு பாரு. 1% தலைப்பேனுக்கு, இதுக்கு ஆகாது.

வசந்தி: சரி மாமா. குளிச்சிட்டு உடனே போட்டுடலாமா?

மலர்: குளிச்ச சூடு ஆறி, தோல் நல்லா காஞ்ச பிறகு போடு. சூடான ஈரத் தோல்ல போட்டா மருந்து தேவையில்லாம உள்ள இறங்கும். நகத்தை முதல்ல ஒட்ட வெட்டிடு. ராத்திரி 8 மணிக்குப் போட்டு காலையில 8 மணிக்குக் கழுவினா 12 மணி நேரம். 8-லேர்ந்து 14 மணி நேரத்துக்குள்ள இருந்தா சரி.

மலர்: தாடைக்குக் கீழ ஆரம்பிச்சு உள்ளங்கால் வரைக்கும் ஒரு இடம் விடக்கூடாது. விட்டுப்போற இடம் எதுன்னா: விரல் இடுக்கு, நகத்துக்கு அடியில (பழைய டூத் பிரஷ்ல க்ரீம் எடுத்துத் தேய், அப்புறம் அந்த பிரஷைத் தூக்கிப் போட்டுடு), அக்குள், தொப்புள் குழி, மார்புக்குக் கீழ, இடுப்புப் பட்டை அழுத்துற இடம், பிட்டத்துக்கு நடுவுல, பிறப்புறுப்பு, கால் விரல் இடுக்கு. முதுகுக்கு இன்னொருத்தர்தான் போட்டு விடணும், தனியா போட்டா நடு முதுகு கண்டிப்பா விட்டுப்போகும்.

மலர்: போட்ட பிறகு கை கழுவினா கையில மறுபடி போடணும். பாத்திரம் தேய்ச்சுட்டு, பாத்ரூம் போய்ட்டு வந்து அப்படியே படுத்துடறாங்க. விரல் இடுக்குதான் பூச்சிக்குப் பிடிச்ச இடம், அங்கதான் மருந்து இல்லாமப் போயிடுது.

நித்யா: அக்கா, போன வாரம் நாங்க அங்க ரெண்டு நாள் தங்கினோமே. பாப்பாவை எல்லாரும் தூக்கி வச்சிருந்தாங்க. அவளுக்கு 5 மாசம்.

மலர்: நீயும் உன் வீட்டுக்காரரும் பாப்பாவும் அதே ராத்திரி போட்டுக்கறது நல்லது. பாப்பாவுக்கு முதல்ல டாக்டர்கிட்ட கேட்டுடு. கைக்குழந்தைக்கு கண்ணையும் வாயையும் விட்டுட்டு முகம், தலை, காதுக்குப் பின்னாடி எல்லாம் போடச் சொல்வாங்க. உள்ளங்கை, உள்ளங்கால் மறக்காதே. கையை வாயில வைப்பா, அதனால கைக்கு சாக்ஸ் மாட்டிடு. டயப்பர் மாத்தும்போது அந்த இடத்துல மறுபடி தடவு. பால் கொடுக்கறதுக்கு முன்னாடி மார்பைக் கழுவிட்டு, கொடுத்து முடிச்சதும் திரும்பப் போட்டுக்கோ.

கதிர்: 2 மாசத்துக்குக் குறைவான குழந்தைன்னா கடையில கேட்டு வாங்கவே கூடாது. கர்ப்பமா இருக்கறவங்களும் டாக்டர்கிட்ட சொல்லிட்டுதான். க்ரீமுக்குப் பதிலா சில பேருக்கு எழுதற ஐவர்மெக்டின் மாத்திரை எடை பார்த்துக் கொடுக்கறது, கிலோவுக்கு 200 மைக்ரோகிராம். அது முட்டையைக் கொல்லாது, அதனாலதான் 1-2 வாரத்துல ரெண்டாவது டோஸ். 15 கிலோவுக்குக் கீழ இருக்கற குழந்தைக்குக் கொடுக்க மாட்டாங்க.

சுந்தரம்: அரிப்புக்குன்னு ஒரு களிம்பு இங்க ஃப்ரிட்ஜ்ல இருக்கு. சட்டுனு கேக்கும். அதைக் கொடுத்தனுப்பவா?

கதிர்: அதுல ஸ்டீராய்டு இருக்கும் பெரியப்பா, தயவுசெஞ்சு வேண்டாம். சிவப்பு அடங்கும், அரிப்பு குறையும், பூச்சி பாட்டுக்குப் பெருகும். அப்புறம் டாக்டருக்கே அடையாளம் தெரியாத மாதிரி தோல் மாறிடும்.

வசந்தி: துணி எப்போ துவைக்கறது? பீரோவைக் காலி பண்ணணுமா?

மலர்: பீரோவுல மடிச்சு வச்சு, நாலஞ்சு நாளா யாரும் தொடாததை விட்டுடு. கடைசி 3 நாள்ல உடம்புல பட்டது மட்டும்: உடுத்தினது, போர்வை, தலையணை உறை, துண்டு. காலையில குளிச்சதும் சுத்தமான துணி போட்டுக்கிட்டு, அந்தப் படுக்கைத் துணியையும் அப்பவே எடுத்துடு. முந்தின நாளே துவைச்சுட்டு அன்னைக்கு ராத்திரி பழைய போர்வையில படுத்தா பிரயோஜனம் இல்ல. 50 டிகிரிக்கு மேல 10 நிமிஷம் வெந்நீர்ல இருந்தா பூச்சி, முட்டை ரெண்டும் போயிடும். மெஷின்ல 60 வை.

மலர்: வெந்நீர் தாங்காத துணி, பஞ்சு பொம்மை, செருப்பு எல்லாத்தையும் பிளாஸ்டிக் பையில கட்டி ஒரு வாரம் வச்சுடு. மெத்தை, சோபாவுக்கு வேக்குவம் போதும்.

வசந்தி: நாய்க்கு?

மலர்: அதுக்கு வர்ற பூச்சி வேற ஜாதி. நம்ம உடம்புல அது குடும்பம் நடத்தாது.

மலர்: அத்தையோட கையைப் பகல் வெளிச்சத்துல பாரு. விரல் இடுக்குல பேனா முனை கீறின மாதிரி வளைஞ்ச மெல்லிய கோடு தெரிஞ்சா அதுதான் பூச்சி போன வழி. இதைவிட முக்கியம், உள்ளங்கையிலயோ நகத்தைச் சுத்தியோ தடிச்ச பொருக்கு இருக்கான்னு பாரு. வயசானவங்களுக்கு அது வந்தா அரிப்பே இல்லாமலும் இருக்கலாம். சாதாரணமா ஒருத்தர் உடம்புல 10-15 பூச்சிதான் இருக்கும், அந்தப் பொருக்குல ஆயிரக்கணக்குல இருக்கும். அப்படி இருந்தா இந்த க்ரீமோட நிக்காது, உடனே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும்.

வசந்தி: பார்த்துட்டேன் அக்கா, பொருக்கு இல்ல. மருந்து போட்டதும் அரிப்பு நின்னுடுமா?

மலர்: நிக்காது, 2-4 வாரம் இருக்கும். செத்த பூச்சியும் அதோட கழிவும் தோலுக்குள்ளயே இருக்கறதால உடம்பு அரிச்சுக்கிட்டே இருக்கும். அதைப் பார்த்து தினமும் க்ரீம் போட ஆரம்பிச்சா தோல் வறண்டு எரிஞ்சு இன்னும் அரிக்கும். ராத்திரி தூக்கத்துக்கு மாத்திரை டாக்டர்கிட்ட கேளு. புதுசா கொப்புளம் வந்துக்கிட்டே இருந்தாலோ, 4 வாரம் தாண்டினாலோ திரும்பக் காட்டணும். சொறிஞ்ச இடத்துல சீழ் வச்சா நாள் தள்ளாதே. முகம் வீங்கினாலோ சிறுநீர் கலங்கி அடர் நிறமா போனாலோ அன்னைக்கே போயிடு, சீழ் வைக்கற அந்தக் கிருமியால சிறுநீரகம் பாதிக்கப்படலாம்.

வசந்தி: சனிக்கிழமை ராத்திரி எல்லாரும் போட்டுக்கலாம்னு இருக்கோம். ஆனா என் வீட்டுக்காரர் அன்னைக்கு வெளியூர்ல இருப்பார். திங்கக்கிழமை வந்ததும் போட்டுக்கச் சொல்லவா?

கதிர்: அவர் ட்யூபைப் பையில வச்சு அனுப்பு. அதே சனிக்கிழமை ராத்திரி அங்கயே போட்டுக்கட்டும், முதுகுக்கு யாரையாவது கேட்டுக்கட்டும். அடுத்த சனிக்கிழமையும் எல்லாருக்கும் ஒரே நேரம்.

வசந்தி: சரி மாமா. சின்னவனை ஸ்கூலுக்கு?

மலர்: முதல் தடவை போட்டுக் கழுவின மறுநாள் அனுப்பலாம். டீச்சர்கிட்ட மறைக்காம சொல்லிடு. பக்கத்துல உக்கார்ற பசங்க வீட்ல பார்க்கணும்ல.