கோயில் இணையத்தளத்தைச் சீர்செய்ய உதவி தேவை

எல்லோருக்கும் வணக்கம். மட்டக்களப்பில் எங்கள் பங்குக் கோயிலின் இணையத்தளம் இப்போது என் பொறுப்பில். கணினி கொஞ்சம் தெரியும் என்று பங்குச்சபைக் கூட்டத்தில் வாய்விட்டேன், தலையில் கட்டிவிட்டார்கள்.

ஞாயிறு பூசை நேரம் மாறி எட்டு மாதம், தளத்தில் பழைய நேரமே கிடந்தது. கனடாவிலிருந்து லீவில் வந்த ஒரு குடும்பம் அதை நம்பி வந்து, பூசை முடிந்து சனம் வெளியேறும்போது வாசலில் நின்றது. வெட்கமாகப் போய்விட்டது. அதைத் திருத்திவிட்டேன்.

பெரிய தலையிடி பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு. பழைய அறிவித்தல்கள் எல்லாம் அந்த எழுத்துருவில்தான் இருக்கின்றன. தளத்தில் ஒட்டினால் வெறும் ஆங்கில எழுத்துக் குவியல். அதனால் முன்பு பார்த்தவர் பக்கங்களைப் படமாகவே ஏற்றிவிட்டார். கூகுளில் தேடினால் ஒரு சொல்லும் அகப்படாது. இணையத்தில் எங்கும் தமிழாகவே தெரியும் யூனிகோட் எழுத்துக்கு மாற்றித்தரும் மாற்றியில் போட்டால் இடையில் வரும் ஆங்கிலச் சொற்களையும் சேர்த்துத் தமிழாக்கிக் குழப்புகிறது. இருநூறு கோப்புகளை மொத்தமாக மாற்ற வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அடுத்தது வாட்ஸ்அப் குழு. மரண அறிவித்தல் போட்டால் பத்து நிமிடத்தில் காலை வணக்கப் படங்களுக்குள் புதைந்துவிடும். நிர்வாகிகள் மட்டும் பதிவிடும்படி மாற்றுவதா, நாங்கள் மட்டும் அறிவித்தல் போட மற்றவர்கள் பின்தொடர்ந்து பார்க்கும் வாட்ஸ்அப் சேனல் தொடங்குவதா? சேனலில் ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியாது, அது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் வயதானவர்கள் அதைத் திறந்து பார்ப்பார்களா? உங்கள் கோயிலில் செய்து பார்த்திருந்தால் கட்டாயம் எழுதுங்கள்.