மறு: ‘செலவு நோய்’ சரியான சொல்தானா?

குழுமத்தாருக்கு வணக்கம். பள்ளி, மருத்துவமனை, கச்சேரி போன்ற சேவைகளின் செலவு ஏறிக்கொண்டே போவதைப் பொருளியலில் ‘cost disease’ என்கிறார்கள். நம் கலைச்சொல் பட்டியலில் அதற்கு எந்தச் சொல்லை வைப்பது என்ற பேச்சுக்கு என் பதில் இது.

> ‘செலவு நோய்’ என்றே வைத்துக்கொள்ளலாம். சுருக்கமாக இருக்கிறது.

சுருக்கம் சரிதான், ஐயா. ஆனால் இதைப் படிக்கும் மாணவர், பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் ஊதாரித்தனமாக நடப்பதால்தான் செலவு ஏறுகிறது என்று நினைத்துக்கொள்வார். பொருளியலாளர்கள் வில்லியம் பாமலும் வில்லியம் போவனும் 1966இல் அமெரிக்க அரங்கக் கலைகளை ஆராய்ந்து சொன்னது வேறு. ஐந்து பேர் சேர்ந்து அரை மணி நேரம் வாசிக்கும் இசைக்கு என்றைக்கும் இரண்டரை ஆள்-மணி வேண்டும். வேகமாக வாசித்து மிச்சம் பிடிக்க முடியாது. (பிடிக்கலாம், கேட்பவர்கள் எழுந்து போய்விடுவார்கள்.) தொழிற்சாலையிலோ புதிய இயந்திரம் வந்ததும் ஓர் ஆள் செய்து முடிக்கும் பொருள் பெருகி, ஊதியமும் கூடுகிறது. கலைஞர் அந்தப் பக்கம் போய்விடாமலிருக்க அவருக்கும் கூட்டிக் கொடுக்க வேண்டும். வாசிப்பு அதே அரை மணிதான்; கச்சேரியின் செலவு மட்டும் ஏறிவிடுகிறது.

நோய் பக்கத்து வீட்டிலிருந்து வருகிறது என்பது சொல்லிலேயே தெரிய வேண்டும். என் பரிந்துரை: ‘ஊதியத் தொற்று’. ‘கூலித் தொற்று’ என்றால் ஆசிரியர்கள் சண்டைக்கு வருவார்கள். ‘தொற்றுச் செலவு’ என்றால் கொரோனாக் கணக்கு என்று எண்ணிவிடுவார்கள்.

> அப்படியானால் சேவைத் துறையில் புத்தாக்கத்துக்கு வேலையே இல்லையா?

நிறைய இருக்கிறது. மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையைப் பாருங்கள். மருத்துவருக்கு அருகருகே இரண்டு மேசைகள். ஒருவருக்கு அறுவை முடிவதற்குள் அடுத்தவர் தயாராகிவிடுவார். ஆயத்த வேலைகளைப் பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். கண்புரை அறுவையில் கண்ணுக்குள் வைக்கும் உள்விழி லென்ஸின் விலையைக் குறைக்க, அதைத் தயாரிக்கும் ஆரோலேப் என்ற அரவிந்தின் நிறுவனம் 1992இல் வந்தது. ஒரு மருத்துவர் செய்யும் அறுவைகளின் எண்ணிக்கை பல மடங்கு கூடியதற்கு வேலையை இப்படிப் பிரித்ததே பெரிய காரணம். இருந்தும், பயந்து வரும் பாட்டியிடம் பேசித் தைரியம் சொல்லும் நேரத்தை எந்த ஏற்பாடும் பாதியாக்காது.

ஆகவே, ஓர் ஆள் செய்யும் வேலை பெருகும் துறை, அவ்வளவாகப் பெருகாத துறை என்று பாமல் பிரித்த இரு வகைகளில் இரண்டாவதைத் ‘தேங்கிய துறை’ என்று நம் பட்டியலில் எழுதியிருப்பதும் எனக்கு உடன்பாடில்லை. ஒரே துறைக்குள் சில வேலைகள் சுருங்கும், சில சுருங்கா. ‘சுருங்காப் பணி’ எப்படி? ‘நிலைப்பணி’ என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள். அரசு வேலை என்று விண்ணப்பம் போட்டுவிடுவார்கள்.