லீபர்மன்னின் கிளிப்பாதை: அந்த வெயில் பாரிஸில் கிடைத்ததா, ஆம்ஸ்டர்டாமிலா?

வண்ணக்கிண்ணம்:
ஜெர்மன் ஓவியர் மாக்ஸ் லீபர்மன் 1902-இல் வரைந்த ‘கிளிப்பாதை’, இப்போது பிரெமன் நகரக் கலைக்கூடத்தில் இருக்கிறது. ஆம்ஸ்டர்டாம் மிருகக்காட்சிசாலைப் பூங்காவில் மரங்கள் கூரை போட்ட பாதை, ஓரத்தில் வண்ணக் கிளிகள், வெள்ளை உடையில் உலாவும் பெண்கள், எல்லார் மேலும் இலைகளுக்கிடையே விழும் வெயில். இது முழுக்கப் பிரெஞ்சு பாணி என்பேன். மரத்தடியில் ஆடுபவர்களின் கோட்டு மேல் வெயில் திட்டுகளைப் பிரெஞ்சு ஓவியர் ரெனுவார் 1876-லேயே விழவைத்துவிட்டார்.

கரித்துண்டு:
ஒத்துக்கொள்ள மாட்டேன். லீபர்மன் 1873 முதல் 1878 வரை பாரிஸில்தான் இருந்தார். ரெனுவார் போல மாறும் ஒளியை வேகத் தூரிகையில் பிடித்த இம்ப்ரெஷனிஸ்டுகளின் முதல் கண்காட்சி 1874-இல் அங்கேதான் நடந்தது. ஆனால் அப்போது அவரை இழுத்தது உழவர்களை வரைந்த மில்லேயும், அவரைப் போன்ற ஓவியர்கள் கூடிய பார்பிஸோன் கிராமமும்தான். படங்களெல்லாம் இருண்ட பழுப்பு. வெயில் வந்தது 1880-இல், ஆம்ஸ்டர்டாமில். ஒரு முதியோர் இல்லத் தோட்டத்தில் கறுப்பு உடையில் வரிசையாக உட்கார்ந்திருந்த கிழவர்கள் மேல் இலை வழியே ஒளி சிந்துவதைப் பார்த்தார். அதை வரைந்த படத்திலேயே அந்தத் திட்டுகள் இருக்கின்றன. அதே ஊருக்கு 22 ஆண்டு கழித்துத் திரும்பிப் போய் வரைந்ததுதான் கிளிப்பாதை.

வண்ணக்கிண்ணம்:
சரி, ஊர் ஒன்றுதான். தூரிகை ஒன்றா? கிழவர்களின் முகத்தை ஒவ்வொன்றாக எண்ணலாம். கிளிப்பாதையில் உருவங்களின் ஓரமே கரைந்துபோகிறது. நடுவில் என்ன நடந்தது? 1884-இல் பெர்லினுக்குத் திரும்பினார். அங்கே பெர்ன்ஸ்டைன் தம்பதியின் வீட்டில் பிரெஞ்சு ஓவியங்களைப் பார்த்தார். அப்புறம் பிரெஞ்சு ஓவியர்களான மானே, தெகா இருவரின் படங்களைத் தானே வாங்கிச் சேர்த்தார். வீட்டுச் சுவரில் தினமும் பார்க்கும் படம் கையில் இறங்காதா?

மைக்கூடு:
இருவரும் ஜெர்மன் ஓவியர் மென்ஸலை மறந்துவிட்டீர்களே! பாரிஸ் த்வீலரி தோட்டத்துக் கூட்டத்தை மானே 1862-இல் வரைந்தார். அதே தோட்டத்தை மென்ஸல் 1867-இல் வரைந்தார். ஜெர்மன்காரர்களுக்குப் பூங்காவும் ஜனமும் அந்த வழியாகவே வந்தன.

கரித்துண்டு:
மென்ஸலின் பங்கு லீபர்மன் 1884-இல் வரைந்த ‘மியூனிக் பீர் தோட்டம்’ படத்துக்குப் பொருந்தும். அங்கே மனிதக் கூட்டம்தான் விஷயம். கிளிப்பாதையில் ஒளிதான் விஷயம். வண்ணக்கிண்ணம் சொன்ன தூரிகை வேகத்தை ஏற்கிறேன். ஆனால் அதற்கும் பாரிஸ் மட்டும் காரணமில்லை. 1876-இல் ஹாலந்தின் ஹார்லெம் நகரில் உட்கார்ந்து, 17-ஆம் நூற்றாண்டு ஓவியர் ஃப்ரான்ஸ் ஹால்ஸின் படங்களைப் பிரதியெடுத்த கை அது. இரண்டே வீச்சில் ஒரு கையுறையை முடிக்கும் மனிதர் ஹால்ஸ்! இன்னொன்று: ரெனுவாரின் நிழல் நீலமாகவும் ஊதாவாகவும் மாறிவிடும். லீபர்மன்னுடைய நிழலில் மண் மண்ணாகவே கிடக்கிறது. பாதையை மட்டும் பெரிதாக்கிப் பாருங்கள் நண்பரே.

வண்ணக்கிண்ணம்:
பார்த்தேன். தரையை உங்களுக்கே விட்டுத்தருகிறேன். ஆனால் கிளிகளைத் தர மாட்டேன். ஹாலந்துப் பழுப்பிலேயே ஊறிய ஒருவர், மானேயைப் பார்க்காமல் அந்தச் சிவப்பை அப்படியே பச்சைக்குப் பக்கத்தில் வைத்திருப்பாரா?