மரபணு திருத்திய விதை: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். பென்னாகரம் பக்கம் நாங்கள் சிலர் ராகியும் சாமையும் சொந்த விதை எடுத்து வைத்தே விதைக்கிறோம். 2025 மே மாதம் மரபணு திருத்திய (பயிரின் சொந்த மரபணுவிலேயே மாற்றம் செய்த) கமலா, பூசா டிஎஸ்டி ரைஸ் 1 என்ற இரு நெல் ரகங்களை மத்திய அரசு அறிவித்தது. வெளி மரபணு சேராத இந்த வகைப் பயிர்களுக்கு, வெளி மரபணு சேர்த்த பிடி பருத்திக்கு இருக்கும் கடுமையான அனுமதி முறையிலிருந்து 2022லேயே விலக்கு கொடுத்துவிட்டார்கள். விளைச்சல் கூடினால் சந்தோஷம்தான். ஆனால் எந்த விதையை வாங்குகிறோம் என்று விவசாயிக்குத் தெரிந்தே ஆக வேண்டும்.

மரபணு திருத்திய விதை என்று பையில் அச்சிடச் சட்டம் கட்டாயப்படுத்துகிறதா? 2001ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு, விவசாயிகள் உரிமைச் சட்டம் விதை எடுத்து வைக்கவும் மாற்றிக்கொள்ளவும் நமக்கு உரிமை தருகிறது. திருத்தும் தொழில்நுட்பத்துக்குக் காப்புரிமை இருந்தாலும் நம்முடைய அந்த உரிமை செல்லுமா? பையூர் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் பழக்கம் உள்ளவர்கள், விதைச் சட்டம் தெரிந்த வழக்கறிஞர்கள் சொல்லுங்கள். 2022 விலக்கு ஆணையின் தமிழ் நகல் இருந்தால் அதையும் போடுங்கள், ஊரில் எல்லோருக்கும் படித்துக் காட்ட வேண்டும்.